இடுப்பு உயரத்தில் வந்த பந்து

ஒன்பது வருடங்களாக எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அரைக்கால் சட்டையோடு பீரோக் கண்ணாடி முன் நின்று மட்டையை வீசிப் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் டென்னிஸ் ஆடுவது எப்படி என்று ஒரு வார இதழில் கட்டுரை எழுதி, அதில் ஃபோர்ஹேண்ட் என்கிற முன்கை வீச்சைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி அறிவுரை சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டவில்லை. மாட்டத்தான் நினைத்தேன், ஆணி அடிக்க ஆள் கிடைக்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் சிவில் வழக்குகள் பார்க்கிற வக்கீல். கூடப்பிறந்தவர்களைப் பாகம் பிரித்து வைப்பது தொழில். பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது பழக்கம். எங்கள் குடும்பத்துக்கு முந்தின தலைமுறை வரை ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்தது; வயலில் இறங்குகிற வழக்கம்தான் இருந்ததில்லை. வேர்வை சிந்துவது எங்கள் வம்சத்தில் என்னிடமிருந்துதான் தொடங்குகிறது என்று மட்டையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பெருமிதம் வரும்.

எங்கள் கிளப்பில் இரண்டு மண் தளங்கள் உண்டு. களிமண்ணோடு தேரிக்காட்டுச் சிவப்பு மண்ணைக் கலந்து போட்டது. விடிந்ததும் அதற்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி வைப்பவருக்கு மார்க்கர் என்று பெயர். எந்த ஊர் கிளப்புக்குப் போனாலும் அந்த வேலைக்கு அதுதான் பெயர். உறுப்பினர் யாருக்காவது ஜோடி கிடைக்காவிட்டால் எதிரில் நின்று ஆடுவதும் மார்க்கரின் வேலை. எங்கள் மார்க்கருக்கு என் வயதுதான். ஒல்லி. வெறுங்காலோடுதான் ஆடுவார். கிளப்பின் சாமான் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் மனைவி, மகளோடு குடியிருந்தார்.

மார்க்கர் உறுப்பினரை ஜெயிப்பதில்லை. இது கிளப்பின் விதிப்புத்தகத்தில் இல்லை. யாரும் அவரைக் கூப்பிட்டுச் சொன்னதும் இல்லை. அவருக்கு முன்னால் மார்க்கராக இருந்த அவர் மாமனாரும் ஜெயித்ததில்லை, அவ்வளவுதான். அவர் அடிக்கிற பந்து வலையைத் தாண்டி, ஒரு தடவை எழும்பி, என் வலப்பக்கத்தில் சரியாக இடுப்பு உயரத்துக்கு வந்து, "அடிங்க அய்யா" என்று சொல்லாத குறையாக நிற்கும். நானும் அடிப்பேன். என்னிடம் ஆறுக்கு நான்கு என்று தோற்பார். குழந்தை டாக்டரிடம் ஆறுக்கு மூன்று. செயலாளர் அண்ணாச்சிக்கு டவுனில் பாத்திரக்கடை, வயது எழுபது. அவரிடம் மட்டும் ஏழுக்கு ஐந்து என்று கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு தோற்பார், அண்ணாச்சிக்கு இழுபறி பிடிக்கும் என்பதால். ஆளுக்கொரு தோல்வியை அளவெடுத்துத் தைத்து வைத்திருந்தார்.

விசேஷம் என்னவென்றால், அவர் விட்டுக்கொடுக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று.

"அண்ணாச்சிகிட்ட வேணும்னே தோக்கான் வே, பாத்தீரா?" என்பார் டாக்டர். நான் டாக்டரைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்ப்பேன்.

இப்படி இருக்கையில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற என் தங்கை வீட்டுக்குப் போனேன். கோர்ட்டின் கோடை விடுமுறையோடு நாலைந்து வாய்தாக்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தேன். அந்த நாட்டு டென்னிஸ் என்றால் பச்சைப் புல்லும் வெள்ளைச் சட்டையும் கைதட்டுகிற தொப்பிகளும் என்றுதான் டிவியில் பார்த்திருந்தேன். தங்கை வீட்டுக்குப் பின்னால் இருந்ததோ ஒரு பொதுப் பூங்கா; அதில் வெடிப்பு விட்ட தார்த் தளம் மூன்று. சனிக்கிழமை காலையில், தூறலில், அதில் முப்பது பிள்ளைகள்.

ஐந்து வயதுக்குச் சிவப்பு மெத்துப் பந்து, கொஞ்சம் வளர்ந்தால் ஆரஞ்சு, அப்புறம் பச்சை. பந்து மெதுவாக வரும், தாழ எழும்பும். மட்டை குட்டை. வலை அவர்கள் தொப்புளுக்குக் கீழே. பஸ் ஓட்டுகிறவரின் மகளும் டாக்டரின் மகனும் ஒரே வரிசையில் நின்றார்கள். அங்கேயும் இது வசதிப்பட்டவர்களின் ஆட்டமாகவே கிடக்கிறது, வேலிக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டால்தான் நாளைக்கு ஆட்டக்காரர்கள் வருவார்கள் என்ற கவலையில் இப்படி ஊர் ஊராகச் செய்கிறார்கள் என்று தங்கை சொன்னாள். நடத்தியது தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் கையில் ஒரு கூடையைக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமும் நான் அங்கே பந்து பொறுக்கினேன்.

ஒருநாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி அந்த அம்மாளுக்கு எட்டாத மூலையில் பந்தை அடித்துவிட்டாள். அம்மாள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, மழையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், பூங்கா நாய்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"தோத்ததுக்கு எதுக்கு இந்தக் குதி குதிக்கா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"அதுக்குத்தானே அண்ணே அவங்க இங்க வாரதே" என்றாள்.

ஊருக்குத் திரும்பும்போது மூன்று டஜன் மெத்துப் பந்துகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டேன். தங்கை சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பந்து பொறுக்கியவன் ஊரில் வந்து இறங்கியபோது பயிற்சியாளன் ஆகியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சுற்றுத்தெருப் பிள்ளைகளுக்கு கிளப்பில் டென்னிஸ் சொல்லித்தரும் திட்டத்தோடு அண்ணாச்சியிடம் போனேன்.

"பிள்ளையள உள்ள விட்டா தளம் என்னத்துக்கு ஆகும் வே?"

"இது மெத்துப் பந்து அண்ணாச்சி. தளத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"நான் பந்தச் சொல்லல. பிள்ளையளச் சொல்லுதேன்."

"லண்டன்லயெல்லாம் அண்ணாச்சி..."

"லண்டன்ல நீரு ரெண்டு மாசம் இருந்தீரு. இந்த கிளப்புல நான் முப்பது வருசமா இருக்கேன். யாருக்கு வே அனுபவம் ஜாஸ்தி?"

கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தார். ஓரத்துத் தளம் மட்டும். காலை ஆறு முதல் எட்டு வரை. குடிதண்ணீரை அவரவரே கொண்டுவர வேண்டும். நான் அங்கே இருந்தால்தான் பிள்ளைகள் தளத்தில் கால் வைக்கலாம். நான் வராவிட்டால் வகுப்பு இல்லை. இந்தத் தண்ணீர் நிபந்தனையைக் கேட்டதும் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சமத்துவத்தைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிறு இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். என் மனைவி அவித்துக் கொடுத்த சுண்டலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அடுத்த மாதம் அவள் சுண்டலை நிறுத்தி வாழைப்பழம் ஆக்கியபோது ஒன்பதாக இறங்கியது. மார்க்கரின் மகள் மட்டும் பழத்துக்கும் வராமல் சுண்டலுக்கும் வராமல் எல்லா ஞாயிறும் வந்தாள்.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். யாரோ உறுப்பினர் தூக்கிப் போட்ட மட்டைக்கு அவள் அப்பா நரம்பு கட்டி, கைப்பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்திருந்தார். ஐந்து வயதிலிருந்து அதை வைத்துக் கொட்டகைப் பின்சுவரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சுவரில் ஒரே ஒரு இடத்தில், தட்டு அகலத்துக்கு, பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும். அந்த ஒரு இடத்தில் மட்டும். சுவரைப் பார்த்தபோது அண்ணாச்சி கோபப்பட்டார், நான் சிரித்தேன். தட்டு அகலத்துக்கு வெளியே ஏன் உதிரவில்லை என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மெத்துப் பந்தெல்லாம் அவளுக்கு விளையாட்டுச் சாமான். ஒரே வாரத்தில் அவளைத் தனியே பிரித்து, சாயங்காலங்களில் நானே எதிரில் நின்று ஆடத் தொடங்கினேன். ஒரு திறமையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணே, அந்தப் பிள்ளை அங்கனயேதான பொறந்து வளந்திருக்கா?" என்றாள் தங்கை. "நீ என்னத்தக் கண்டுபிடிச்சே?"

முதலில் சில மாதங்கள் அவள் பயந்து பயந்து ஆடினாள். நான் ஜெயித்தேன். பன்னிரண்டு முடிந்த கோடையில் ஒருநாள், என்ன நினைத்தாளோ, ஆடிவிட்டாள். பந்து என் இடுப்புக்கு வரவில்லை. இடது கணுக்கால் பக்கம் விழுந்தது, பின்கோட்டு மூலையில் விழுந்தது, நான் அங்கே ஓடினால் இங்கே விழுந்தது. நான் இல்லாத இடங்களாகப் பார்த்து விழுந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே பிரம்பு நாற்காலிகளில் டீயும் பஜ்ஜியுமாக உறுப்பினர்கள்.

"வக்கீலே, வாய்தா கேளும் வே!" என்று டாக்டர் கத்தினார். அண்ணாச்சி பஜ்ஜி புரையேறும் வரை சிரித்தார்.

ஐந்துக்கு இரண்டு என்று அவள் முன்னால் இருந்தபோது, "இருட்டிட்டு, போதும்" என்று ஆட்டத்தை நிறுத்தினேன். மணி ஐந்தேகால். மே மாதம். அதோடு விட்டேனா? அவளை வலைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, நாற்காலிகளுக்குக் கேட்கிற குரலில் ஒரு பாடம் எடுத்தேன்.

"ஏட்டி, டென்னிஸ்ங்கது பந்தப் போட்டுச் சாத்துதது இல்ல. எதிராளியும் ஆடணும்லா? நீ பாட்டுக்கு அங்கனயும் இங்கனயும் அடிச்சா அதுக்குப் பேரு ஆட்டமா?"

"செரி சார்" என்று என்னைப் பார்த்தபடியே சொன்னாள்.

மறுநாளிலிருந்து எனக்கு முழங்கால் வலி. ஒன்பது நாள் கிளப் பக்கம் போகவில்லை. நடுவில் ஒரு ஞாயிறு வந்து போனது. பிள்ளைகள் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார்களாம். நான் இல்லாததால் மார்க்கரின் மகளும் அந்த ஒன்பது நாள் தளத்தில் இறங்கவில்லை. வீட்டுக்கு எதிரே இருக்கிற தளத்தில். என் மனைவி மட்டும், "எந்த முழங்கால்?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் வேறு வேறு காலைக் காட்டியிருக்கிறேன்.

பத்தாம் நாள் போனேன். அன்று அவள் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது! பந்து போனது, வந்தது, போனது, வந்தது. ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு அடி நீடித்தது. என் முன்கை வீச்சு இதுவரை இல்லாத அழகோடு விழுந்தது. ஆறுக்கு நான்கு என்று ஜெயித்தேன். அந்தக் கணக்கு ஏற்கெனவே பழகின கணக்காக இருக்கிறதே என்று கூட எனக்கு உறைக்கவில்லை.

"இப்பத்தான் நீ டென்னிஸ் ஆடுதே" என்றேன் அவளிடம்.

உருளையைப் பிடித்துக்கொண்டு நின்ற மார்க்கர், "எல்லாம் வக்கீலய்யா சொல்லிக் குடுத்தது" என்றார்.

அதற்கடுத்த மார்கழியில்தான் மதுரை அறிவிப்பு வந்தது. அங்கே ஒரு பயிற்சி மையம் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறது. பள்ளி முடிக்கும் வரை தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அவர்களே. மார்க்கர் முதல்முறையாக என் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை போட்டிருந்தார், செருப்பும் போட்டிருந்தார்.

"அய்யா, எங்க பிள்ளை இதுவரைக்கும் எதும் வேணும்னு கேட்டதில்ல. இது வேணும்னு கேக்கா. ரெண்டு நாளா சோறு எறங்கல அவளுக்கு. பங்குனியோட பதிமூணு முடியுது. அடுத்த வருசம் போக முடியாது."

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பயிற்சியாளர் பெயர் என்ற கட்டம் வந்தது. யோசிக்கக்கூட இல்லை, என் பெயரை எழுதினேன். மார்க்கர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவும் மறந்திருந்தேன்.

விடியற்காலை ரயிலில் மூன்று பேரும் போனோம். மையத்தில் சிமெண்ட் தளங்கள் ஆறு. இருபது பிள்ளைகள் இருக்கும். சக்கரம் வைத்த பைகளில் ஆளுக்கு மூன்று மட்டை. இவளிடம் ஒன்று, அண்ணாச்சி மனமிரங்கி கிளப்பிலிருந்து கொடுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் நான்கு குட்டி ஆட்டங்கள் ஆட வேண்டும், நான்கு கேம் எடுத்தால் ஜெயம். தொப்பி போட்ட ஒரு பெண்மணி, பழைய ஆட்டக்காரராம், நோட்டுப் புத்தகத்தோடு தளம் தளமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டத்தில் நான்குக்கு மூன்று என்று தோற்றாள். இரண்டாவதிலும் நான்குக்கு மூன்று. மூன்றாவதிலும் அதே. வெயில், புதுத் தளம், பயணக் களைப்பு என்று எனக்கு நானே காரணங்களைத் தாக்கல் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பெண்மணி நேரே என்னிடம் வந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நீங்கதான் கோச்சா?"

"ஆமா" என்றேன். கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

"சார், இவ பந்தை நினைச்ச இடத்துல போடுறா. பத்துக்குப் பத்து. இந்த வயசுல இப்படி ஒரு கையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனா ஏன் எல்லாப் பந்தையும் எதிர்ல நிக்கிறவ மட்டையில கொண்டுபோய்க் கொடுக்கிறா?"

நான் தளத்தைப் பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் பார்த்தது கண்ணுக்குள் நின்றது. வலையைத் தாண்டி, ஒரு தடவை எழும்பி, அந்தப் பக்கத்துப் பிள்ளையின் வலப்பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்ற பந்து. எனக்கு அந்தப் பந்தைத் தெரியும். ஒன்பது வருடப் பழக்கம். அடித்து முடித்த பிள்ளையின் முகத்தில் இருந்த திருப்தியையும் தெரியும், பீரோக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

மார்க்கர் ஆளுக்கேற்ப அளவெடுத்துத் தோற்றதும், மகள் பத்தாம் நாள் திருந்தி வந்ததும், நாற்பது வயதுக்கு மேல் டென்னிஸ் ஆடுவது எப்படி என்பதும் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்பது வருடத்தில் நான் நியாயமாக ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை.

"இன்னும் ஒரு மேட்ச் இருக்கு" என்றார் அந்தப் பெண்மணி. "பத்து நிமிஷம் டைம். அவகிட்ட என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் நின்னு பார்க்கிறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு நீதிபதிகூட எனக்குக் குறிப்புக் கொடுத்ததில்லை.

வேப்பமரத்தடியில் மார்க்கர் மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். விட்டுக் குடுக்காதே தாயி, எங்கிட்ட ஆடுத மாதிரி ஆடாதே. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அவள் என்னிடம் விட்டுக்கொடுத்தாள் என்று ஆகிறது. அவள் அப்பாவும் என்று ஆகிறது. அதை அவர் முகத்துக்கு நேரே நானே ஒப்புக்கொண்டது என்று ஆகிறது. அப்புறம் நாளைக்கு எந்த முகத்தோடு தளத்தில் இறங்குவது? இதெல்லாம் ஓடியது எனக்குள். பிள்ளையின் ஐந்து வருடப் படிப்பும் ஆட்டமும் ஒரு தட்டில், என் முன்கை வீச்சு இன்னொரு தட்டில்.

"தைரியமா ஆடு. தண்ணி நல்லாக் குடி. பதறாதே" என்றேன்.

மார்க்கர் என்னைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பைய, "அய்யா, நான் ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தன் மகளிடம் பேச என்னிடம் அனுமதி கேட்டார், ஏனென்றால் விண்ணப்பத்தில் என் பெயர் இருந்தது.

"வேண்டாம் வே" என்றேன். "கடைசி நேரத்துல ரெண்டு பேரு சொன்னா பிள்ளை கொழம்பிரும். எப்பவும் ஆடுத மாதிரியே ஆடட்டும்."

இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான்காவது ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது, அவள் கை தன்னை மறந்தது. எதிராளி வலப்பக்கம் காத்து நிற்க, பந்து இடப்பக்கக் கோட்டின் மேலேயே விழுந்து வெளியே ஓடியது. எதிராளி அசையக்கூட இல்லை. தொப்பி போட்ட பெண்மணி நோட்டில் ஏதோ எழுதினார். பிள்ளை சட்டென்று திரும்பினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மே மாதத்து ஐந்தேகால் மணிக்கு என்னைப் பார்த்த அதே பார்வை. நான் கைதட்டியிருக்க வேண்டும். கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்து, ஒரு கல்லைக் கண்டுபிடித்து, வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த பந்து தொடங்கிவிட்டது. அது இடுப்பு உயரத்துக்குப் போனது.

நான்குக்கு மூன்று.

சாயங்காலம் பெயர்கள் வாசித்தார்கள். இரண்டு பெயர். அவள் பெயர் இல்லை. "கை இருக்கு, ஜெயிக்கணும்ங்கிற எண்ணமே இல்லையே சார்" என்று அந்தப் பெண்மணி என்னிடம் வருத்தமாகச் சொன்னார். "யாரோ அதை எடுத்துட்டாங்க." நான் தலையை ஆட்டினேன், அந்த யாரோவைக் கண்டிக்கிறவனைப் போல.

ரயிலில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கி நீட்டினேன். வாங்கிக்கொண்டு மடியில் வைத்தாள், பிரிக்கவில்லை. அழுதாளா என்று எனக்குத் தெரியாது, முகம் வெளியே இருந்தது. மார்க்கர்தான் பேசினார்.

"உங்க பேரைக் கெடுத்துட்டா. மன்னிச்சிருங்க அய்யா."

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்ல வே" என்று அவரை மன்னித்தேன்.

கிளப்பில் கேட்டார்கள். "எல்லாம் சிபாரிசு வே, ஏற்கெனவே ஆளப் பாத்து வச்சிருக்கான்" என்றேன். டாக்டர் ஆமாம் ஆமாம் என்றார். அண்ணாச்சி, "நான் அப்பமே சொன்னேம்லா?" என்றார், எதைச் சொன்னார் என்று தெரியாது. யாரோ முன்னின்று ஒழுங்காக நடத்திய ஒரு தேர்வின் மேல் என் வெட்கத்தைத் துடைத்துவிட்டு டீ குடித்தேன்.

பிறகு பல வாரங்கள் மார்க்கரோடு ஆடினேன். பந்து வலப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு வரும், கை கூசும், ஆனாலும் அடிப்பேன். ஆறுக்கு நான்கு. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்து, சொல்லாமல் ஜெயித்துவிட்டுப் போவேன்.

சித்திரையில் ஒருநாள் காலையில், கோர்ட் இல்லாத நாள், போய்ச் சொன்னேன். மார்க்கர் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு முனையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த முன்னுரையை விட்டுவிட்டேன்.

"மதுரைல உங்கிட்ட ஒண்ணு சொல்லிருக்கணும் தாயி. விட்டுக் குடுக்காதேன்னு. எனக்கு அது தெரிஞ்சிட்டு. தெரிஞ்சும் சொல்லல. அப்பாவையும் சொல்ல விடல. என் கவுரவத்துக்காக. நீ போகாதது என்னாலதான்."

மார்க்கர் சுண்ணாம்பு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை கலக்குவதை நிறுத்தவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாததால் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கோபப்படுவாள், அல்லது அழுவாள். எதுவானாலும் நான் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற தயாரிப்போடு வந்திருந்தேன். அந்தத் தயாரிப்பிலும் கொஞ்சம் தோரணை இருந்திருக்கும்.

அவள் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்தாள்.

"விட்டுக் குடுக்கச் சொன்னதே அப்பாதான். அப்பா வேண்டாம்னு சொல்லிருந்தா ஜெயிச்சிருப்பேன் சார்" என்றாள். "நீங்க சொல்லிருந்தா கேட்டிருக்க மாட்டேன். டென்னிஸ் விசயத்துல வக்கீலய்யா என்ன சொன்னாலும் செரின்னு தலைய ஆட்டு, ஆனா எதையும் செஞ்சிராதேன்னு அப்பா மொத நாளே சொல்லிட்டாவ."